நம்ம டீம் ஃபைனல்ஸில், பாதிப் பேர் காயத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்னின் மேற்குப் புறநகரில் குடியிருக்கிறேன். இந்தப் பக்கத்து டீம் வெஸ்டர்ன் புல்டாக்ஸ். ஆகஸ்ட் முடிந்தால் போதும், புதிதாக வந்திறங்கிய நம்ம ஊர்ப் பிள்ளைகள், அடுத்த தெரு யாழ்ப்பாணத்து நண்பர், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த மாமனார்கள் என்று எல்லாரும் அதே கேள்விகளோடு வருவார்கள். ரயிலிலும் மளிகைக் கடை வரிசையிலும் சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன்.

உதாரணங்கள் பெரும்பாலும் 2016ஆம் ஆண்டிலிருந்து வரும். காயப்பட்ட ஒரு டீம், யாரும் மதிக்காத இடத்திலிருந்து ஃபைனல்ஸுக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அந்த ஆண்டு போதும். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். வீட்டுக் கதவில் சிவப்பு வெள்ளை நீல ஸ்கார்ஃப் தொங்குகிறது.

இது ஃபுட்பாலா, ரக்பியா? கையிலயும் தூக்கிட்டு ஓடுறான், கால்லயும் உதைக்கிறான், ஒண்ணுமே புரியலையே!

இரண்டும் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கே உரிய ஆட்டம்; இங்கே "ஃபூட்டி" என்பார்கள். 1859இல் மெல்பர்னில் விதிகளை எழுதினார்கள். குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்ற யோசனையும் அதில் இருந்தது. அதனால்தான் இன்றும் கிரிக்கெட் மைதானத்தில் ஆடுகிறார்கள். நீங்கள் டிவியில் பாக்ஸிங் டே டெஸ்ட் பார்த்த எம்சிஜியில்தான் இதன் கிராண்ட் ஃபைனலும் நடக்கிறது.

களத்தில் பக்கத்துக்கு 18 பேர். முட்டை வடிவப் பந்து, இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. இருபது இருபது நிமிடமாக நான்கு குவார்ட்டர், நடுவில் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒவ்வொன்றும் அரை மணியைத் தொடும். இப்போதைக்கு இது போதும், மிச்சம் பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

ஃபைனல்ஸ் ஃபைனல்ஸ்னு ஒரு மாசம் ஓட்டுறீங்க. ஃபைனல்னா ஒரே மேட்ச்தானே?

நம்ம ஊர்க் கணக்கில் ஆமாம். இங்கே லீக் சுற்று முடிந்ததும் நடக்கும் நாக் அவுட் ஆட்டங்கள் மொத்தமும் ஃபைனல்ஸ்தான். கடைசி ஆட்டத்துக்குத் தனிப் பெயர்: கிராண்ட் ஃபைனல். "நாங்கள் ஃபைனலில் இருக்கிறோம்" என்று ஆபீஸில் ஒருவர் சொன்னால் கோப்பைக்கு ஓர் அடி தூரம் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு ஆட்டம் பாக்கி இருக்கலாம்.

2000 முதல் 2025 வரை இருந்த முறைப்படி டீம்களில் (2016இல் 18) முதல் எட்டு உள்ளே வரும். முதல் நான்கு இடக்காரர்களுக்குச் சலுகை: முதல் ஆட்டத்தில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு, ஜெயித்தால் ஒரு வாரம் ஓய்வு. ஐந்திலிருந்து எட்டு வரை வந்தவர்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது. எலிமினேஷன் ஃபைனல், செமி, பிரிலிமினரி, கிராண்ட் ஃபைனல் என்று நான்கையும் வரிசையாக ஜெயித்தாக வேண்டும்.

அண்ணை, ஏழாவதா வந்த ரீமுக்கு ஏன் உவ்வளவு ஆரவாரம்? முதலாவதா வந்தவங்கள் எல்லோ சந்தோசப்படவேணும்?

நியாயமான கேள்வி. 2016இல் புல்டாக்ஸ் 22 ஆட்டத்தில் 15 ஜெயித்தது. வேறு ஆண்டாக இருந்தால் அதற்கு இன்னும் மேலே இடம் கிடைத்திருக்கும். அந்த ஆண்டு ஏழாவது. அதுவரை ஏழாம் இடத்திலிருந்து யாரும் கோப்பையைத் தொட்டதில்லை. பாதையும் அப்படி. முதல் ஆட்டம் பெர்த்தில், வெஸ்ட் கோஸ்ட்டின் சொந்த மைதானத்தில். அடுத்தது, முந்தைய மூன்று ஆண்டும் கோப்பையை வென்றிருந்த ஹாத்தோர்ன். அதையும் தாண்டினால் சிட்னிக்குப் போய் ஜயன்ட்ஸோடு மோத வேண்டும். (அந்த நகரில் 'சிட்னி' என்ற பெயரிலேயே இன்னொரு டீமும் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இதோடு ஊரின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளப்பின் ஊரான ஃபுட்ஸ்க்ரே, துறைமுகத் தொழிலாளிகளும் அகதிகளும் வந்து குடியேறிய வட்டாரம். 2016க்கு முன் கிளப் கோப்பையை வென்றது ஒரே முறை, 1954இல். 1961இல் கிராண்ட் ஃபைனல் வரை போய்த் தோற்றது. அதன்பின் பிரிலிமினரி ஃபைனலில் மட்டும் ஏழு முறை: 1985, 1992, 1997, 1998, 2008, 2009, 2010. இதில் 1997இல் தோற்றது வெறும் 2 புள்ளியில். நடுவில் 1989இல் கிளப்பையே ஃபிட்ஸ்ராய் டீமோடு இணைத்து மூடப் பார்த்தார்கள். ஜனங்கள் தெருவில் உண்டியல் குலுக்கிக் காப்பாற்றினார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு ஏழாவது இடம் என்பது பொங்கல்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆனா ஆபீஸ்ல எல்லாரும் ஃபோனையே நோண்டுறாங்களே, என்ன விஷயம்?

வார இறுதி ஆட்டத்துக்கான டீமை அப்போதுதான் அறிவிப்பார்கள். அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை காயப் பட்டியல் வந்திருக்கும். ஒவ்வொரு கிளப்பும் யாருக்கு என்ன காயம், எத்தனை வாரம் என்று போடும். "சீசன்" என்று இருந்தால் இந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். "இரண்டு மூன்று வாரம்" என்றால் மூன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைத் தூங்கவிடாத வார்த்தை "டெஸ்ட்". ஓடிப் பார்த்து முடிவு செய்வார்களாம். ஃபைனல்ஸ் நேரத்தில் இந்த "டெஸ்ட்" மேல் பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள். ஆட முடியாதவருக்கும் அதைப் போட்டு வைத்து எதிராளியைக் குழப்புவது எல்லாரும் செய்கிற வேலை.

ஒரு வழக்கம் சொல்கிறேன். பட்டியல் எவ்வளவு நீளம் என்று எண்ணாதீர்கள். அதில் எத்தனை பேர் போன வாரம் இருந்து இந்த வாரம் காணாமல் போனார்கள் என்று பாருங்கள். போனவர்களைவிடத் திரும்பி வருகிறவர்கள்தான் செப்டம்பரைத் தீர்மானிக்கிறார்கள்.

ஹேமி, கார்க்கி, ஏசிஎல்... இதெல்லாம் என்ன பாஷை சார்?

ஹேமி என்பது ஹாம்ஸ்ட்ரிங், தொடையின் பின்பக்கத் தசை. முழு வேகத்தில் ஓடும்போது சுட்டதுபோல் ஒரு வலி, ஆள் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். லேசான கிழிசலுக்கே இரண்டு மூன்று வாரம். நடக்கலாம், மெதுவாக ஓடலாம், சிரித்துப் பேட்டியும் கொடுக்கலாம். ஒரு முறை உச்ச வேகத்துக்குப் போனால் மறுபடி கிழியும். ஆடுசதைக் காயமும் இதே ரகம்தான். திரும்பத் திரும்ப வரும்.

கார்க்கி என்றால் எதிராளியின் முட்டி தொடையில் ஏறி ரத்தம் கட்டுவது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் ஐஸ் வைத்து, முட்டியை மடக்கியே வைத்திருந்தால் பெரும்பாலும் அடுத்த வாரத்துக்குள் சரியாகும். ஏசிஎல் முட்டிக்குள் இருக்கும் தசைநார். அறுந்தால் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே, திரும்பும்போது அறுந்துவிடும். டிவியில் அதே காட்சியை இரண்டாம் தடவை காட்டவில்லை என்றால் இதுதான் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று சின்டெஸ்மோசிஸ். கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் நார் விலகுவது. ஆறு எட்டு வாரம் போய்விடும். ஆகஸ்டில் இந்த வார்த்தை காதில் விழுந்தால் அந்த ஆளை அடுத்த ஆண்டுக் கணக்கில் எழுதுங்கள்.

ஒருத்தன் மேட்ச் நடுவுல விழுந்தா வேற ஆளை இறக்கிக்கலாமே, அதுல என்ன கஷ்டம்?

கிரிக்கெட் மூளையோடு பார்த்தால் கஷ்டம் தெரியாது. இந்த ஆட்டத்தில் நடுக்களத்து ஆள் ஒரு மேட்ச்சில் 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார். அதனால் பெஞ்சில் இருப்பவர்கள் மாறி மாறி உள்ளே போய் வெளியே வருவார்கள். 2016இல் பெஞ்சில் நான்கு பேர், இந்த மாற்றங்களுக்கு ஒரு மேட்ச்சுக்கு 90 என்று வரம்பு இருந்தது. தனியாக ஒரு மாற்று ஆள் வைத்துக்கொள்ளும் விதியும் அந்த ஆண்டு கிடையாது.

அப்போது முதல் குவார்ட்டரில் ஒருவர் போனால் மீதி நேரம் முழுக்க பெஞ்சில் மூன்று பேர்தான். கடைசிக் குவார்ட்டரில் கால் நகராது. ஃபைனல்ஸ் வாரத்தில் "சந்தேகத்துக்கு இடமான ஆளைச் சேர்க்கலாமா" என்ற விவாதத்தில் பயிற்சியாளர்களுக்குத் தலைவலி இங்கேதான். அந்த ஒருவர் நன்றாக ஆடாமல் போவதல்ல பயம்; பாதியில் விழுந்து மற்ற எல்லாரையும் களைக்க வைத்துவிடுவார் என்பதுதான்.

கேப்டனே இல்லன்னா டீம் காலிதானே?

அப்போதைய எங்கள் கேப்டன் பாப் மர்ஃபி கதையைச் சொன்னால் போதும். 2016 ஏப்ரலில், மூன்றாவது சுற்றில் ஹாத்தோர்னோடு ஆடியபோது, கடைசி நேரத்தில் மர்ஃபியின் முட்டி போனது. ஏசிஎல். அந்த ஆட்டத்தில் 3 புள்ளியில் தோற்றோம், தோற்றதைப் பற்றி யாரும் பேசவில்லை. வயது 33, ஊருக்கே செல்லப்பிள்ளை. ஜூலையில் செயின்ட் கில்டாவோடு ஒரே ஆட்டத்தில் மிட்ச் வாலிஸுக்குக் கால் எலும்பு முறிந்தது, ஜாக் ரெட்பாத்துக்கு ஏசிஎல். அன்றைக்கு ரயிலில் வீடு திரும்பிய கூட்டம் துக்க வீட்டுக்குப் போய்வருவது போலத்தான் இருந்தது.

ஈஸ்டன் வுட் பொறுப்புக் கேப்டன் ஆனார். வேறு கிளப்பில் ஓரமாகக் கிடந்த ஜோயல் ஹேம்லிங், ஷேன் பிக்ஸ் போன்றவர்களுக்கு இடம் நிலைத்தது. இவர்கள் எங்கிருந்தோ குதித்து வரவில்லை. கிளப்பின் இரண்டாம் டீமான ஃபுட்ஸ்க்ரே விக்டோரிய மாநில லீக்கில் ஆடுகிறது. அந்த டீமும் 2016இல் தன் கோப்பையை வென்றது. முதல் டீமில் என்ன முறையோ அதே முறைதான் அங்கேயும். ஒருவர் போனால் அடுத்தவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. காயச் செய்தி வரும்போது நான் முதலில் பார்ப்பது இரண்டாம் டீமின் ஸ்கோரைத்தான்.

கடைசியில் கோப்பை வென்ற மேடையில் பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தனக்குக் கிடைத்த பதக்கத்தைக் கழற்றி, மர்ஃபியை மேடைக்கு அழைத்து அவர் கழுத்தில் போட்டார். மர்ஃபி அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, கிளப்பிடமே கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு 312 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார். ஒரு கிராண்ட் ஃபைனலிலும் ஆடாமலே.

அந்த வருஷம் நாலு பேர் ஒரே மேட்ச்சுக்குத் திரும்பி வந்தாங்களாமே? மந்திரமா என்ன?

மந்திரம் இல்லை, காலண்டர். 2015இல் கடைசிச் சுற்றில் சில டீம்கள் ஃபைனல்ஸுக்காக முக்கிய ஆட்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இளசுகளை இறக்கின. டிக்கெட் வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதைத் தடுக்க 2016இல் லீக் சுற்றுக்கும் ஃபைனல்ஸுக்கும் நடுவே ஒரு வார இடைவெளி விட்டார்கள். மேலே இருந்த டீம்கள் முனகின, ஏனென்றால் ஓய்வு அதுவரை அவர்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை.

எங்களுக்கு அந்த ஒரு வாரம் வரமாக வந்தது. ஈஸ்டன் வுட், டாம் லிபரட்டோரே, ஜாக் மக்ரே, ஜோர்டன் ரஃப்ஹெட் நால்வரும் பெர்த் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். போன கேள்விக்கு முந்தி பெஞ்ச் கணக்குச் சொன்னேனே, அதோடு சேர்த்துப் பாருங்கள்: 22 பேரில் நான்கு பேர் புதுக் கால்களோடு. 47 புள்ளியில் ஜெயித்தோம். ஹாம்ஸ்ட்ரிங் காயத்திலிருந்து வந்த மக்ரேதான் இரண்டு வாரம் கழித்து சிட்னியில், ஆட்டம் முடியும் தறுவாயில் நம்மை முன்னே கொண்டுபோன கோலை அடித்தார். அது 6 புள்ளி வெற்றி.

பாதி ஃபிட்டா இருந்தாலும் ஸ்டார் ஸ்டார்தானே மாமா? கிராண்ட் ஃபைனல்ல ஆட விடாம வெளியே உட்கார வைக்கிறது பாவம் இல்லையா?

பாவம்தான். ஆனால் 2022 கிராண்ட் ஃபைனலைப் பாருங்கள், ஒரே ஆட்டத்தில் இரண்டு முடிவு. சிட்னியின் சாம் ரீட் தொடை இடுக்குத் தசையில் பிரச்சினையோடு இறங்கினார், இரண்டாம் பாதியில் வெளியே வந்துவிட்டார். எதிரே ஜீலாங்கில் மேக்ஸ் ஹோம்ஸ் முந்தைய வாரம் ஹாம்ஸ்ட்ரிங்கில் அடிபட்டிருந்தார். இளைஞன், ஆடத் துடித்தான், கிளப் வெளியே வைத்தது. ஜீலாங் 81 புள்ளியில் ஜெயித்தது. அந்த ஒரு முடிவால் ஜெயித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2024இல் சிட்னி மறுபடி அதையே செய்தது. கணுக்கால் சரியாகாத லோகன் மெக்டொனால்டை இறக்கி, ஆட்டம் முடியுமுன் வெளியே எடுத்தார்கள். பிரிஸ்பேனிடம் 60 புள்ளித் தோல்வி. அது தவறான முடிவு என்று பயிற்சியாளரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

நடுவழி ஒன்றும் உண்டு. 2025இல் பிரிஸ்பேனின் லாக்கி நீல் ஆடுசதைக் காயத்தால் அந்த ஆண்டே முடிந்தது என்றார்கள். கிராண்ட் ஃபைனலுக்கு அவரை மாற்று ஆளாக உட்கார வைத்து, இரண்டாம் பாதியில் இறக்கினார்கள். கோலும் அடித்தார், டீமும் ஜெயித்தது. முழு ஆட்டத்தைக் கேட்காமல் அரை ஆட்டத்தைக் கேட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்ப டேல் மோரிஸ்? முதுகெலும்பு உடைஞ்சு போய் ஆடினாராமே! நீங்க இப்ப சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கே?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையனுக்கு நான் ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். ஆமாம், 2016 ஃபைனல்ஸில் எங்கள் தடுப்பாட்டக்காரர் மோரிஸ் முதுகில் எலும்பு முறிவோடு ஆடியது பின்னால்தான் வெளியே தெரிந்தது. பிரிலிமினரியில் பந்து கண்ணில் பட்டு உள்ளே ரத்தம் கசிந்த ரஃப்ஹெட்டும் ஒரே வாரத்தில் கிராண்ட் ஃபைனலில் ஆடினார்.

ஹேமி பற்றிச் சொன்ன இடத்துக்குப் போங்கள். தசைக் கிழிசல் வேலையை நிறுத்திவிடும்; மனசு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கால் ஓடாது. சில எலும்பு முறிவுகள் அப்படியில்லை. வலி உயிர் போகும், ஆனால் உடம்பு சொன்னதைச் செய்யும். மருத்துவர் பார்த்து இது மேலும் மோசமாகாது என்று சொன்னால் மிச்சம் இருப்பது தாங்குகிற கேள்விதான். ஆகவே "காயத்தோடு ஆடலாமா" என்று கேட்காதீர்கள், "எந்தக் காயத்தோடு" என்று கேளுங்கள். வீட்டில் இதை யாரும் முயன்று பார்க்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

2016 கிராண்ட் ஃபைனலின் கடைசிக் குவார்ட்டர் ஞாபகம் இருக்கிறது. எதிராளி சிட்னி டீம், விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. நடுக்களத்தில் பந்து அவர்களின் லான்ஸ் ஃப்ராங்க்ளின் கையில். அந்தக் காலத்தின் மிகப் பெரிய கோல்காரர், ஆள் மலை மாதிரி. பின்னாலிருந்து மோரிஸ் பாய்ந்து இடுப்பைச் சேர்த்து இழுத்தார். பந்து நழுவியது. எங்கள் டாம் பாய்ட் அதைப் பொறுக்கி, நிமிர்ந்து பார்த்து, ஓங்கி உதைத்தார். பந்து கோல் சதுரத்துக்கு முன்னால் தரையில் விழுந்தது. முட்டைப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று கடவுளுக்கும் தெரியாது. நேராகத் துள்ளி உள்ளே போனது. அடுத்த வீட்டுக்காரர் எங்கள் வேலியைத் தட்டு தட்டென்று தட்டினார். வேலி இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. முடிவு 89க்கு 67.

தலையில அடிபட்டவன் மறுநாளே நல்லாத்தான் சிரிச்சுப் பேசுறான். அவனை ஏன் ஆட விடமாட்டேங்கறாங்க?

தலை அடிக்கு வேறு சட்டம். 2021 முதல், கன்கஷன் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அதற்குப் பின் 12 நாள் ஆகாமல் ஆட முடியாது. சனிக்கிழமை அடிபட்டால் அடுத்த சனி ஆட்டம் போச்சு. கிராண்ட் ஃபைனலாகவே இருந்தாலும் இல்லைதான். "டெஸ்ட்" போட்டு விளையாட்டுக் காட்டவும் முடியாது.

2021இல் பிரிஸ்பேனோடு நடந்த செமியில் எங்கள் கோடி வெய்ட்மனுக்கு இப்படித்தான் ஆனது. பிரிலிமினரியில் ஆடவில்லை, அதற்கடுத்த கிராண்ட் ஃபைனலுக்கு வந்தார். இந்தச் சட்டத்தைத் திட்டுகிற ரசிகர்களோடு நான் வாதம் செய்வதே இல்லை. ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் நாற்பது வயதில் ஞாபகம் தடுமாறிப் பேசுவதைக் கேட்டவர்கள் திட்ட மாட்டார்கள்.

எதிர் டீம்ல முக்கியமான ஆளுக்கு அடிபட்டா உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வருதே. தப்பா?

வரும். எனக்கும் வரும். வெளியே காட்டாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

2016இல் சிட்னியில் நடந்த அந்த பிரிலிமினரியில் ஜயன்ட்ஸின் காலன் வார்ட் தலையில் அடிபட்டு ஆட்டத்தின் நடுவே வெளியேறினார். அவர் முன்னாள் புல்டாக். 2011க்குப் பின் புது டீமுக்குப் போனவர். அவர் போனதில் எங்களுக்கு எவ்வளவோ மனத்தாங்கல் இருந்தது. அடி விழுந்தபோது எங்கள் வரிசையில் சத்தம் அடங்கிவிட்டது. கிராண்ட் ஃபைனலிலும் சிட்னியின் டான் ஹானெபரி கடைசிக் குவார்ட்டரில் முட்டியில் அடிபட்டு விழுந்தார். அந்த இடத்தில் நடுவர் ஃப்ரீ கிக் கொடுத்திருக்க வேண்டும் என்று சிட்னிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். சொல்லட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். காயத்தில் ஜெயித்தீர்கள் என்று நம்மைச் சொல்லும்போது, அதற்கு முன்னால் நாம் இழந்தவர்களின் பட்டியல் நம் கையில் இருக்கிறது.

ஏழாவது வந்து ஒரு தடவை அடிச்சாச்சு. இந்த தடவையும் காயம், இந்த தடவையும் கீழ. அப்ப 2016 மாதிரியே நடக்கும்தானே?

இதுதான் எனக்கு மிகவும் சங்கடமான கேள்வி, ஏனென்றால் கேட்பவர் "ஆமாம்" என்ற பதிலுக்காகவே கேட்கிறார். 2017இல் அதே ஆட்கள், அதே பயிற்சியாளர், ஃபைனல்ஸுக்குள்ளேயே நுழையவில்லை. 2021இல் கிட்டத்தட்ட அதே கதை திரும்பியது. ஐந்தாம் இடம், முன்கள ஆள் ஜோஷ் புரூஸுக்கு ஆகஸ்டில் ஏசிஎல். டாஸ்மேனியாவில் ஜெயித்து, பிரிஸ்பேனில் 1 புள்ளியில் தப்பித்து, அடிலெய்டில் 71 புள்ளியில் துவைத்து, கொரோனாவால் பெர்த்துக்கு மாற்றப்பட்ட கிராண்ட் ஃபைனலுக்குப் போனோம். மூன்றாம் குவார்ட்டரில் 19 புள்ளி முன்னிலை. நான் எழுந்து நின்று பார்க்க ஆரம்பித்திருந்தேன். எதிராளியான மெல்பர்ன் டீம் 74 புள்ளியில் ஜெயித்தது.

மாநிலம் விட்டு மாநிலம் பறந்த களைப்பா, எதிராளியின் நடுக்களமா என்று இன்றும் பேசுவார்கள். ஒவ்வொரு வாரமும் வேறு ஊர் என்பது காயப் பட்டியலில் ஏறாத காயம் என்பது என் கட்சி. 2016இல் முதல் வாரத்துக்கு முன் கிடைத்த இடைவெளி, திரும்பி வந்த நால்வர், துள்ளிய ஒரு பந்து எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. அது ஜாதகம் இல்லை, மறுபடி பார்த்துப் பலன் சொல்ல.

தோத்துடுவோம்னு தெரிஞ்சும் சிட்னி வரைக்கும் காரை ஓட்டிட்டுப் போறீங்களே, பெட்ரோல் காசு தண்டம் இல்லையா?

என் மனைவியின் கேள்வி இது, அவர் சொன்னபடியே போட்டிருக்கிறேன். மெல்பர்னிலிருந்து சிட்னிக்கு ஹியூம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர். 2016 செப்டம்பர் 24ஆம் தேதி ஆட்டத்துக்கு நாங்கள் மூன்று பேர் முந்தின ராத்திரியே கிளம்பினோம். நடு வழியில் பெட்ரோல் போட நிறுத்தினால் வரிசையில் முன்னும் பின்னும் எங்கள் நிறம்தான். கார் கண்ணாடியில் ஸ்கார்ஃப் சொருகி, பின் சீட்டில் பிள்ளைகள் தூங்க, ஓர் அம்மா ஃப்ளாஸ்கிலிருந்து முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் கிடைத்தது, சர்க்கரை இல்லாமல்.

ஜயன்ட்ஸின் ஊருக்குப் போய் அவர்கள் சத்தத்தை நாங்கள் அமுக்கினோம். தோற்றிருந்தாலும் போயிருப்பேனா? 2010 வரை ஏழு பிரிலிமினரி என்று மேலே எழுதியிருக்கிறேன். ஏழுக்கும் போனவர் ஒருவர் எங்கள் வரிசையில் இருந்தார். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கிராண்ட் ஃபைனல் டிக்கெட் வாங்க முடியுமா?

கவுண்டரில் போய் வாங்க முடியாது. கிளப் உறுப்பினர் ஆக வேண்டும், அதிலும் கிராண்ட் ஃபைனல் உரிமை உள்ள வகை வேண்டும், அதற்கு மேல் குலுக்கல். எம்சிஜியில் 2016இல் வந்தவர்கள் 99,981 பேர். இரண்டு கிளப் ரசிகர்களுக்கும் போக மைதான உறுப்பினர்கள், விளம்பரதாரர்கள் என்று ஏகப்பட்ட இடம் போய்விடும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது: முந்தின வெள்ளிக்கிழமை விக்டோரியாவில் அரசு விடுமுறை, இரண்டு டீமும் ஊர்வலமாக வரும். அது இலவசம். யார் நொண்டுகிறார் என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

தயிர்சாதம் உள்ள கொண்டு போகலாமா? வெளிய வாங்கினா கட்டுப்படியாகாது.

மாமனார் கேள்வி. எம்சிஜிக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டு போகலாம். கண்ணாடிப் பாட்டில், டின், மது கூடாது. பையைத் திறந்து பார்ப்பார்கள். தயிர்சாதத்தைவிடப் புளியோதரை நல்லது, செப்டம்பர் குளிரில் தயிர்சாதம் கல்லாகிவிடும். ஊறுகாயைத் தனி டப்பாவில், மூடி இறுக்கமாக. அரை நேர இடைவேளை 20 நிமிடம், அதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கடைசிக் குவார்ட்டரில் டப்பாவை மடியில் வைத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. முன் வரிசைக்காரரின் கோட்டிலிருந்து கடுகைப் பொறுக்கிக் கொடுத்தேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.